அம்மா வாசிக்காமல் விட்ட அத்தியாயம்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு புத்தகக் கடையின் மேல்மாடி. சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஐவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். எல்லார் கையிலும் ‘படிவம் ஐந்து’ நாவல் இருந்தது.

ஐவனுக்கு இருபத்தொரு வயது. கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆசிரியை புனிதா இளையோருக்காக எழுதிய ‘படிவம் நாலு’ என்ற பள்ளிக்கூட நாவல் படமானபோது அதில் வரும் நிலவன் என்ற மாணவனாக நடித்தான். படம் மலேசியா முழுக்க ஓடியது. ஒரே மாதத்தில் அவனால் பாசாரில் நிம்மதியாகக் காய்கறி வாங்க முடியாத அளவுக்கு ஆகிவிட்டது. இப்போது அதன் இரண்டாம் பாகமான ‘படிவம் ஐந்து’க்கு டெங்கில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது.

வரிசையில் வந்த ஒரு பெண் புத்தகத்தை நீட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? ஐஸ் கச்சாங் சீன்ல நீங்க அழுவீங்களா, அழ மாட்டீங்களா?”

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். கடைக்காரர்கூடக் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

ஐவன் சிரித்தான். “இப்பவே சொல்லிட்டா எப்படி? தியேட்டருக்கு வந்து பாருங்க லா.”

“எங்க கிளாஸ்ல பாதிப் பேரு நிலவன் அழணும்ங்கறாங்க. பாதிப் பேரு அழக் கூடாதுங்கறாங்க. சண்டையே வந்துருச்சு.”

“ரெண்டு பேருக்கும் பிடிக்கிற மாதிரி பண்றேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்தப் பெண் நகர்ந்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. ஐஸ் கச்சாங் சீனா? துருவிய பனியில் பாகு ஊற்றித் தரும் அந்த இனிப்பு வரும் காட்சியே திரைக்கதையில் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. எத்தனையோ காட்சிகளை வெட்டுவார்கள். ஆனால் முழு நாவலையும் அவன் அம்மா அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தார். அதிலும் ஐஸ் கச்சாங் வரவில்லையே.

ஐவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேசுவான், வசனம் ஒருமுறை கேட்டால் போதும், மனத்தில் நிற்கும். ஆனால் ஆரம்பப் பள்ளி ஆறு வருடமும் மலாய்ப் பள்ளியில் படித்ததால் ‘அ’னாவைப் பார்த்தால் அது ‘அ’ என்று தெரியும், அதற்குமேல் போகாது. படப்பிடிப்பில் எல்லா நடிகர்களுக்கும் வசனத்தை ஆங்கில எழுத்திலேயே அடித்துக் கொடுப்பார்கள் என்பதால் அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முதல் படம் வெளியான பிறகுதான் சிக்கல். வாசகர்கள் நாவலிலிருந்து கேள்வி கேட்டார்கள். அவன் முழித்தான். இரண்டாம் படத்துக்கு அப்படி ஆகக் கூடாது என்று அம்மா கேத்தரினிடம் கேட்டான்.

கேத்தரின் ஷா ஆலமில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் வேலை செய்தார். ஐவன் டெங்கிலுக்குக் காரில் போகும் வழியில் அவரை இறக்கிவிட்டுப் போவான். காலையில் அந்தச் சாலையில் கார்கள் நகரவே நகராது. அந்த ஜாமில் உட்கார்ந்து அம்மா வாசிப்பார். தமிழ்ப் பள்ளியில் படித்தவர், மாதா கோயிலில் பைபிள் வாசிக்கிறவர், குரல் நன்றாக இருக்கும். நிலவனுக்கு ஒரு குரல், அவன் தோழி மலருக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டார். ஜாம் அதிகமான நாள் இரண்டு அத்தியாயம்கூடப் போகும். அப்பா மாரிஸ் இறந்த பிறகு அம்மாவும் மகனும் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததே இந்த ஒரு மாதத்தில்தான்.

அன்று புத்தகக் கடையிலிருந்து காருக்கு வந்ததும் ஐவன் முன்பக்கப் பெட்டியைத் திறந்து நாவலை எடுத்தான். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. அத்தியாயம் 11. அம்மா வாசித்தது ஞாபகம் இருந்தது, மழையில் கிரிக்கெட். 12, நிலவன் டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோலாலம்பூர் ரயில் ஏறுகிறான். அதற்கடுத்து அம்மா வாசித்தது பள்ளி விளையாட்டுப் போட்டி. புத்தகத்தைப் புரட்டினான். ஓட்டப் பந்தயப் படம் போட்டிருந்த அத்தியாயத்துக்கு மேலே 14 என்று இருந்தது.

நடுவில் ஏழெட்டுப் பக்கம்.

நிலவன் ரயில் ஏறினானே, எங்கே போனான் என்று அன்றைக்கே அவனுக்குத் தோன்றியது. எழுத்தாளர்கள் அப்படித்தான் விட்டுவிட்டுப் போவார்கள் போல என்று நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காரில் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான். “ம்மா, இந்தக் கதையில ஐஸ் கச்சாங் எங்கயாச்சும் வருதா?”

கேத்தரின் கைப்பையில் எதையோ தேடினார். “ஐஸ் கச்சாங்கா? எங்கயாச்சும் சாப்பிடுவானுங்க. பள்ளிக்கூடப் பசங்கதானே.”

“பெரிய சீனாம். புள்ளைங்க கேக்குது.”

“முன்னாடி லோரி போவுது பாரு. ரோட்டைப் பாத்து ஓட்டு.”

லோரி நின்றுகொண்டிருந்தது. எல்லா வண்டியும் நின்றுகொண்டிருந்தது. ஐவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. அம்மாவுக்குப் பொய் வராது. அந்தப் பக்கங்களில் என்னதான் இருக்கிறது?

முத்தக் காட்சியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தான். ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு முத்தம் வந்தபோது அம்மா அதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, “நீ இதை நடிப்பியா?” என்று கேட்டுக் கிண்டல்கூடச் செய்தார். அப்படியென்றால் அதைவிடப் பெரிதாக ஏதோ இருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் டெங்கிலில் வெளிச்சம் சரியில்லாமல் படப்பிடிப்பு நின்றது. இயக்குநர் லோகன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஐவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே, பதின்மூணாவது அத்தியாயத்தை ஏன் எடுக்கல?”

லோகனுக்கு ஆச்சரியம். “நீ புக்கு படிச்சியா?”

“கேட்டேன். ரீடர்ஸ் கேக்கறாங்க.”

“அதுல நிலவன் ஒண்ணுமே செய்யமாட்டான் லா. பாப்பான், போயிருவான். கேமராவுக்கு என்ன வேலை அங்க? புக்குல அழகா இருக்கும். படத்துல ஆளுங்க எழுந்து கக்கூஸுக்குப் போயிருவாங்க.”

“எதைப் பாப்பான்?”

ஆனால் அதற்குள் மேகம் விலகிவிட்டது. லோகன் “லைட்டு, லைட்டு!” என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினார்.

இடைவேளையில் ஐவன் காருக்குள் உட்கார்ந்து, அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் பார்த்தான். ஆங்கிலத்தில் என்னென்னவோ வந்தது. அம்மா ஒரு கரண்டியை எடுத்தாள். பனி சிவப்பாக இருந்தது. ‘சிவப்பு மனிதரை அம்மா அந்த மனிதரின் பக்கம் தள்ளினாள்’ என்று ஒரு வாக்கியம். ஐவன் அதை நான்கு தடவை படித்தான். யார் இந்தச் சிவப்பு மனிதர்? கொலையா? பள்ளிக்கூடக் கதையில் கொலையா?

வேறு வழியில்லை. மலராக நடிக்கும் விஷ்ணுப்ரியாவிடம் போனான். அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், பல்கலைக்கழகத்திலும் தமிழ் எடுத்திருந்தாள். செம்பனை மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“விஷ்ணு, இந்த ஒரு சாப்டரைப் படிச்சுக் காட்டேன்.”

“ஏன், உனக்குக் கண்ணு இல்லையா?”

“கண்ணு இருக்கு. எழுத்துதான் தெரியாது.”

அவள் கையிலிருந்த அப்பளம் பாதி வழியில் நின்றது. “தமிழ் தெரியாதா? ரெண்டு படத்துல நடிச்சிட்ட! கையெழுத்து வேற போடற!”

“இங்கிலீஷ்ல போடறேன்.”

கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். “இதுதான் இந்தப் புக்குலயே எனக்குப் பிடிச்ச சாப்டர். இதைப் படிக்காமயா நீ நிலவனா நடிக்கற? உக்காரு.”

அவள் வாசிக்க வாசிக்க ஐவன் கேட்டான்.

நிலவன் ரயிலில் கோலாலம்பூருக்கு வருகிறான். பிரிக்பீல்ட்ஸில் காலணி வாங்க நடந்து போகிறவன் ஒரு கடையைத் தாண்டும்போது தன் அம்மாவைப் பார்க்கிறான். அத்தை வீட்டுப் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அம்மா. எதிரே முன்பின் தெரியாத ஒரு மனிதர். நடுவில் ஒரே கிண்ணம் ஐஸ் கச்சாங், இரண்டு கரண்டி. நிலவன் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறான். அம்மா பேசுகிறாள், அந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்புறம் அம்மா கரண்டியால் சிவப்பு அவரையை ஒவ்வொன்றாக ஒதுக்கி அவர் பக்கம் தள்ளுகிறாள். அவர் எதுவும் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுகிறார்.

“அவரைன்னா பீன்ஸா!” என்றான் ஐவன்.

“பின்ன என்னன்னு நெனச்ச?”

“ஒண்ணுமில்ல. படி, படி.”

கடைசிப் பகுதியை விஷ்ணுப்ரியா மெதுவாக வாசித்தாள். “‘பதினேழு வருஷமாக அம்மா என் தட்டில் சோறு போடுகிறாள். எனக்குப் பாகற்காய் பிடிக்காது, மீன் தலை பிடிக்காது, பாலில் ஆடை பிடிக்காது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அம்மாவுக்குச் சிவப்பு அவரை பிடிக்காது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.’ அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவன் வீட்டுக்குப் போயிருவான். கடைசிவரைக்கும் அம்மாகிட்ட கேக்கவே மாட்டான்.”

காற்றில் செம்பனை ஓலைகள் உரசின. இதில் அம்மா வாசிக்க முடியாதபடி என்ன இருக்கிறது? கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தவனுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசை முடிந்ததும் அம்மா கோமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போவார். ஷார்மைன் சித்தியைப் பார்க்க.

“என்ன, அழப்போறியா?” என்றாள் விஷ்ணுப்ரியா.

“இல்ல. யோசிக்கறேன்.”

அந்த வாரம் முழுக்க ஐவன் அம்மாவைக் கவனித்தான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. புது நகப்பூச்சு வாங்கியிருந்தார். கைப்பேசி ஒலித்தால் திரையைப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்கு எடுத்துப் போனார். இதெல்லாம் எத்தனை நாளாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்போதுதான் பார்க்கிறான். கோபம் வருகிறதா என்று தன்னையே சோதித்துப் பார்த்தான். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்புதான் இருந்தது, கொசு கடித்த இடம்போல.

ஞாயிற்றுக்கிழமை அம்மா நீலப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். “ஷார்மைன் வீட்டுக்குப் போயிட்டு வரேன். சோறு இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு.”

ஐவன் அடுத்த ரயிலைப் பிடித்தான். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, முகத்தில் முகக்கவசமும் போட்டுக்கொண்டான். கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பூக்கடைகளையும் பலகாரக் கடைகளையும் தாண்டி, சித்தி வீட்டுப் பக்கம் நடந்தான். அங்கே போய் என்ன செய்வதென்று அவனிடம் திட்டம் எதுவும் இல்லை. அதுவரை போக வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. முனையில் இருந்த ஒரு கடைவாசலில் நீலப் புடவை தெரிந்தது.

எதிரே நரைத்த மீசையோடு ஒரு மனிதர். நடுவில் ஒரு கிண்ணம்.

ஐவன் சட்டென்று ஒதுங்கினான். ஒதுங்கிய பிறகுதான் தான் ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பதைக் கவனித்தான். ஒரு கை தூணைப் பிடித்திருந்தது, தலை லேசாகச் சாய்ந்திருந்தது. கேமரா முன்னால் நிற்க லோகன் அண்ணன் சொல்லிக் கொடுத்ததுபோல நின்றுகொண்டிருந்தான். அவனுக்கே அசிங்கமாக இருந்தது. அங்கே இருப்பது நிலவனுடைய அம்மா இல்லை. கேத்தரின். அவர் மகன் பாகற்காய் நன்றாகச் சாப்பிடுவான்.

அம்மா எதற்கோ சிரித்தார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னால் சாய்த்து.

ஐவன் கைப்பேசியை எடுத்து அழைத்தான். அம்மா திரையைப் பார்ப்பதும், அந்த மனிதரிடம் ஏதோ சொல்வதும், அவர் தலையாட்டுவதும் தெரிந்தன.

“சொல்லு ஐவன்.”

“ம்மா, எங்க இருக்கீங்க?”

ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் இரண்டு காதிலும் கேட்டது.

“பிரிக்பீல்ட்ஸ்ல. ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.”

“யாரோட?”

“வீட்டுக்கு வந்து சொல்றேன். இன்னிக்கே சொல்லிர்றேன்.”

“நான் எதிர்லதான் இருக்கேன்மா. வரவா?”

கேத்தரின் நிமிர்ந்து பார்த்தார். ஐவன் தூணை விட்டு வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினான். அவர் முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு கையைத் தூக்கி, ‘வா’ என்று சைகை காட்டினார்.

அந்த மனிதர் எழுந்து நின்றார். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். “ராதாகிருஷ்ணன். ஷா ஆலம்ல ஃபேக்டரில சூப்பர்வைசர். உங்கம்மா கிளினிக்குக்கு ஒரு பல்லு புடுங்கப் போனேன். அப்படித்தான் தெரியும்.”

“ஒரு பல்லுக்கு எத்தனை வாட்டி வந்தாரு கேளு” என்றார் அம்மா. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோலக் கீழே பார்த்தார்.

ஐவன் உட்கார்ந்தான். கடைக்காரப் பையன் மூன்றாவது கரண்டி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். யாரும் அதைத் தொடவில்லை.

“எப்பவும் டீதான் குடிப்போம்” என்றார் கேத்தரின். “அந்தப் புக்குல இன்னொண்ணு வாங்கி இவருக்குக் கொடுத்தேன். படிச்சதுலேருந்து ஐஸ் கச்சாங்தான் வேணும்ங்கறாரு.”

“அந்தச் சாப்டரைப் பையனுக்கும் படிச்சுக் காட்டுங்கன்னு சொன்னேன் தம்பி. மாட்டேன்னுட்டாங்க.”

“ஏம்மா?”

“எப்படிப் படிக்கறது? குரலே காட்டிக் கொடுத்துரும். நடு ரோட்டுல, ஜாம்ல, நீ என்னைத் திரும்பிப் பார்த்தா நான் எங்க இறங்கி ஓடுவேன்?”

ஐவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. அவர் கண்கள் அவன் முகத்திலேயே இருந்தன. “உங்கப்பா போனதுக்கப்புறம் யார்கிட்டயும் இப்படிப் பேசினதில்ல. இன்னும் எதுவும் முடிவு பண்ணல. இவரு இந்து, நாம மாதா கோயிலுக்குப் போறவங்க, நாலு பேரு நாலு பேசுவாங்க. அதெல்லாம் இருக்கு. மொதல்ல உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். தினமும் காலையில இன்னிக்குச் சொல்லணும்னுதான் கார்ல ஏறுவேன்.”

“ஷார்மைன் சித்திக்குத் தெரியுமா?”

“அவதான் இந்தக் கடையைக் காட்டுனா.”

ராதாகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “தம்பி, நான் ஒண்ணு கேக்கணும். நீங்கதான நிலவன். அந்தத் தூணுக்குப் பின்னாடி நின்னப்ப அவன் என்ன நெனச்சான்? அதை அந்த டீச்சர் எழுதவே இல்லையே. எனக்கு ஒரு வாரமா அதே யோசனை.”

ஐவன் யோசித்தான். “அவனைப் பத்தித் தெரியல அங்கிள். எனக்கு, அம்மா இப்படிச் சிரிப்பாங்களான்னு இருந்துச்சு. அப்புறம் நீங்க என்ன சொன்னதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.”

“அதா? எங்க ஃபேக்டரி கேன்டீன்ல ஒரு பூனை...” என்று அவர் ஆரம்பித்தார். நீளமான கதை. அவ்வளவு நல்ல கதையும் இல்லை. ஆனால் அம்மா மறுபடியும் சிரித்தார். ஐவன் மூன்றாவது கரண்டியை எடுத்தான். சாப்பிடும்போது கவனித்தான். அம்மா சிவப்பு அவரையை எல்லாம் தேடித் தேடி எடுத்துச் சாப்பிட்டார். மேலே தூவியிருந்த சோளத்தைத்தான் ஓரத்தில் ஒதுக்கினார்.

சாயங்காலம் அம்மாவும் மகனும் கிள்ளான் ரயிலில் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. ரயில் பெத்தாலிங் நிலையத்தைத் தாண்டியது.

“கிறிஸ்மஸுக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிடலாமா?” என்று கேட்டார் கேத்தரின்.

“கூப்பிடுங்க. ஆனா பூனைக் கதை வேணாம்னு சொல்லிருங்க.”

அம்மா அவன் கையைத் தட்டினார். பிறகு எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். ஐவன் ஜன்னல் பக்கம் திரும்பி, மறுபடி அம்மாவைப் பார்த்தான். கேட்க வேண்டியது நிறைய இருப்பதுபோலவும், எங்கே தொடங்குவது என்று தெரியாததுபோலவும் இருந்தது.

“உங்களுக்குச் சோளம் பிடிக்காதாம்மா?”

“பிடிக்கவே பிடிக்காது.”

“வேற என்ன பிடிக்காது?”

“எதுக்கு இப்ப?”

“சும்மா சொல்லுங்க.”

கேத்தரின் யோசித்தார். “காலையில வானொலியைச் சத்தமா வைக்கறது பிடிக்காது. உங்கப்பா வாங்கின அந்த மஞ்சள் திரைச்சீலை பிடிக்காது. அப்புறம்...” என்று நிறுத்தினார். “சொன்னா வருத்தப்படுவ.”

“பரவால்ல, சொல்லுங்க.”

“உன் மொதப் படம்.”

ஐவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “என்னது? நீங்க கைதட்டினீங்களே!”

“எல்லாரும் தட்டினாங்க, தட்டினேன். எனக்கு அந்தப் படம் பிடிக்கல.”

“ஒரு வருஷமாச்சு. ஏம்மா சொல்லல?”

“நீ கேக்கல.”

எதிர் இருக்கையிலிருந்த பெண் ஐவனை அடையாளம் கண்டுகொண்டு தோழியின் விலாவில் இடித்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. அம்மா பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். “எது பிடிக்கல? ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க.”

கேத்தரின் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். மலருடைய பள்ளிப் பையில் புத்தகமே இல்லை, காற்றைத்தான் சுமக்கிறாள். நிலவன் அம்மா சமைக்கும் அடுப்பில் நெருப்பே எரியவில்லை. மழைக் காட்சியில் ரோடு நனைந்திருக்கிறது, மரம் காய்ந்திருக்கிறது. நீ அழும்போது மூக்கு ஒழுகவே இல்லை, நான் உன்னைச் சின்ன வயசுலேருந்து பார்க்கறேன், நீ அழுதா மொதல்ல மூக்குதான் ஒழுகும்.

ரயில் பத்து தீகா நிலையத்தையும் தாண்டியது. அம்மா இன்னும் இடைவேளைக்கே வரவில்லை.